கிடா துலுக்கும் வரை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே உன் அம்மா சுகம், பெரியப்பா சுகம், வண்டி சுகம். கிடாவும் சுகம். பெற்றவர்களை விட்டுவிட்டு அதைப் பற்றித்தான் நீ முதலில் கேட்டிருந்தாய் என்பதால் அதையும் மறக்காமல் சேர்த்துவிட்டேன். நீ எழுதியது நேற்று மத்தியானம் கிடைத்தது. விடுதிச் சோறு வாயில் வைக்க வழங்கவில்லை என்கிறாய். பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவது எப்படி என்று இரண்டு வருஷம் நீ பாடம் படித்து முடிப்பதற்குள் நம் ஊர்ப் பெண் குழந்தைகள் எல்லாம் தாலி கட்டிக்கொண்டு போய்விடுவார்கள் என்கிறாய். கருப்பனாரே உத்தரவு கொடுக்காத காரியத்துக்கு நான் ஏன் கிளம்பி வந்தேன், மூட்டையைக் கட்டிக்கொண்டு நம் வண்டியிலேயே திரும்பி வந்துவிடட்டுமா என்றும் கேட்டிருக்கிறாய். வருவதற்கு வண்டி இருக்கிறது. ஓட்டுகிறவன் உன் அப்பன். உன்னை ஏற்ற மாட்டேன் என்று நான் சொல்லப் போவதில்லை. ஆனால் ஏறுவதற்கு முன்னால் இதை முழுசாகப் படித்துவிட்டு ஏறு.

நீ அஸ்தம்பட்டி விடுதியில் பக்கத்துப் பாயில் படுக்கிற பெண்களுக்கெல்லாம் இதைப் படித்துக் காட்டுவாய் என்று எனக்குத் தெரியும். உன் வாய் அப்படி. அந்தப் பெண்களுக்குப் புரிவதற்காக, உனக்குத் தெரிந்த சங்கதியையும் சொல்லிவிட்டுப் போகிறேன். நம் பக்கத்தில் எந்தப் பெரிய காரியம் தொடங்கினாலும் கருப்பனாரிடம் ஒரு கேள்வி கேட்போம். கிடாவைக் கொண்டுபோய்ச் சாமி முன்னால் நிறுத்தி, மஞ்சள் தண்ணீர் தெளித்துவிட்டுக் காத்திருப்போம். அது தலையிலிருந்து வால் வரைக்கும் உடம்பை ஒரு உதறு உதறினால் ‘துலுக்கிருச்சு’ என்று கூட்டமே குலவை போடும். சாமி சரி என்றுவிட்டது என்று அர்த்தம்; அப்புறம் கிடாவை வெட்டி விருந்து. துலுக்கவில்லையென்றால் நின்றுகொண்டே இருக்க வேண்டியதுதான். ஜமீன்தார் வந்தாலும் சரி, ஜில்லாக் கலெக்டர் வந்தாலும் சரி, ஒரு கிடாவைத் துலுக்கு என்று யாரும் உத்தரவு போட முடியாது. உன் கிடாவும் நீ புறப்பட்ட அன்றைக்குக் கல்லுப்பிள்ளையார் மாதிரி நின்றுவிட்டது. வண்டி நேரமாகிவிட்டது, உன் பயிற்சிப் பள்ளிக்கூடம் திறக்கும் நாள் அது, வேறு வழியில்லாமல் ஏறினாய். ஏரிக்கரை மேட்டைத் தாண்டும் வரை நீ கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்ததை நான் முன்னாலிருந்த கண்ணாடியில் பார்த்தேன்.

இனி நான் சொல்லப்போவது உனக்குத் தெரியாது. உன் பெரியப்பா நேற்று வரைக்கும் என்னையோ ஊராரையோ சொல்ல விடவில்லை. நீ எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் துண்டை உதறி உதறிப் போட்டுக்கொண்டிருந்தார். அப்புறம், “எழுதீருடா தம்பி. புள்ள தெரிஞ்சுக்கட்டும்” என்றார்.

எனக்கு மீசை அரும்பிய வயதில் மோட்டார்ப் பைத்தியம் பிடித்தது. சேந்தமங்கலம் சந்தைக்கு வேர்க்கடலை மூட்டை ஏற்றிக்கொண்டு மாட்டு வண்டியில் போனபோது ஒரு மோட்டார் பஸ்ஸைப் பார்த்தேன். அவ்வளவுதான். மாடுகள் மிரண்டு வண்டியை இழுத்துக்கொண்டு பள்ளத்தில் இறங்கின. நானோ மாட்டைப் பிடிக்காமல் அந்தப் புழுதியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்றிலிருந்து ஒரே பாட்டு. சேலம் போகிறேன், மோட்டார் வேலை கற்கிறேன், ஒருநாள் நம் ஊரிலிருந்து சொந்த பஸ் விடுகிறேன். எங்கள் ஐயனுக்கு, அதாவது உன் அப்பாரு தாத்தாவுக்கு, இது பிடிக்கவில்லை. காடு கழனி உள்ளவன் பிள்ளை இன்னொருத்தன் வண்டியைத் துடைக்கப் போவதா என்று குதித்தார். கடைசியில், “கருப்பனாரு சொல்லட்டும். கெடா துலுக்குனா நீ சேலம் போ. துலுக்கலீனா மூச்சுடாம ஏரைப் புடி” என்றார். சரி என்றேன்.

கிடா துலுக்கவில்லை. வெயில் ஏறிக்கொண்டே போனது. நான் சாமியைப் பார்ப்பதும் கிடாவைப் பார்ப்பதுமாக நின்றேன். கயிற்றைப் பிடித்திருந்தவர் உன் பெரியப்பாதான். ஐயன், “சரி, போதும், அவுத்துட்டு ஊட்டுக்குப் போலாம்” என்று வாயைத் திறந்த அந்த நொடியில் கிடா ஒரு உதறு உதறியது பார், மஞ்சள் தண்ணீர் எங்கள் எல்லார் முகத்திலும் தெறித்தது. நான் அங்கேயே ஒரு குட்டிக்கரணம் போட்டேன். மறுநாள் சேலத்துக்கு நடையைக் கட்டினேன்.

அதற்கப்புறம் உன் பெரியப்பா மாறிப்போனார். என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. என் கல்யாணத்துக்கு வந்தவர், அட்சதை கூடப் போடாமல் பந்தலுக்கு வெளியே நின்றுவிட்டுப் போனார். நீ பிறந்தபோது எட்டிப் பார்த்தார், கையில் வாங்கவில்லை. ஏரை அவர் தலையில் கட்டிவிட்டு நான் போய்விட்டேன் என்று கோபம், அவ்வளவுதான் என்று நானும் இருந்துவிட்டேன். எனக்கும் ரோஷம் உண்டே. பெரியவர் அவர், அவரே பேசட்டும் என்று வீம்பு பிடித்தேன்.

என் மோட்டார்க் கதையும் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. சேலத்தில் வண்டி துடைத்து, சக்கரம் மாட்டி, மெல்ல மெல்ல ஓட்டக் கற்றேன். எனக்கு வேலை கொடுத்த முதலாளி தொழிலை மூடினார். இன்னொருவரிடம் சேர்ந்தேன். மழை பொய்த்து ஊரே காய்ந்தது; சொந்த வண்டி நினைப்பை மூட்டை கட்டி வைத்தேன். ஐயன் போய்ச் சேர்ந்தார். மறுபடி எழுந்து வழித்தட அனுமதிக்கு மனுப் போட்டேன், இல்லை என்றார்கள். மறுபடி போட்டேன், பார்க்கலாம் என்றார்கள். இப்படியே போய், ஒருவழியாகச் சேந்தமங்கலத்திலிருந்து ராசிபுரம், ஆட்டையாம்பட்டி வழியாகச் சேலத்துக்கு ஓட்டலாம் என்று அனுமதி வந்த சமயத்தில் என்ன நடந்தது தெரியுமா? யுத்தம். பெட்ரோல் கண்ணில் காணக் கிடைக்கவில்லை. பழைய பஸ் ஒன்றை வாங்கி நிறுத்திவிட்டு அதன் முன்னால் நான் உட்கார்ந்திருந்த உட்காரலைப் பார்த்து ஊர் சிரித்தது. ‘மோட்டாருக்கு மாடு பூட்டலாமே’ என்று யோசனை சொன்னவர்கள் உண்டு. வாய்க்கும் கைக்கும் நடுவே வழுக்கி விழுகிற சோறாகவே என் சோறு இருந்தது. சாமி மேல் எனக்குக் கோபம் வந்தது கண்ணு. மறைக்கவில்லை. நன்றாகவே வந்தது. உத்தரவு கொடுத்துவிட்டு ஏன் ஓட விட மாட்டேன் என்கிறாய் என்று கோயில் வாசலில் நின்று சண்டை போட்டிருக்கிறேன்.

அப்போதுதான் நம் பக்கத்துக்குக் கரி பஸ் வந்தது. உன் தோழிகள் சின்ன வயதில் பார்த்திருப்பார்கள். வண்டியின் பின்னால் ஆள் உயரத்துக்கு ஒரு இரும்புப் பீப்பாய். அதில் அடுப்புக் கரியைக் கொட்டிப் பற்றவைத்து, கையால் விசிறியைச் சுற்றிச் சுற்றிக் காற்றுக் கொடுத்தால், அந்தப் புகை வாயுவாகி எஞ்சினுக்குப் போகும். பெட்ரோல் வேண்டாம். ஆனால் பொறுமை வேண்டும். வாயு முற்றுவதற்குள் அவசரப்பட்டுக் கிளப்பினால் வண்டி நாலு அடி போய் இருமிக்கொண்டு படுத்துவிடும். சேலத்தில் நான் வேலை பார்த்த பட்டறையில் இதைப் பொருத்தக் கற்றிருந்தேன். நம் ஊர்க் கொல்லரைச் சேர்த்துக்கொண்டு என் வண்டிக்கும் நானே பொருத்தினேன். மேட்டைக் கண்டால் மட்டும் இந்த வண்டிகளுக்கு மூச்சு வாங்கும். ஜனங்கள் இறங்கித் தள்ளுவார்கள். ஏரிக்கரை மேட்டில் என் வண்டி ஏறாது என்று ஊரில் பந்தயமே கட்டியிருந்தார்கள்.

முதல் ஓட்டத்துக்கு நாள் குறித்தோம். அன்று சாயங்காலத்துக்குள் ஆள் ஏற்றிய வண்டியைச் சேலத்தில் அதிகாரி முன்னால் கொண்டுபோய் நிறுத்தியாக வேண்டும். தவறினால் அந்தத் தடம் வேறொருவருக்குப் போய்விடும். விடிந்ததும் கிடாவைக் கருப்பனார் முன்னால் நிறுத்தினோம். சின்னப் பிள்ளையான நீ வண்டிக்குள் உட்கார்ந்து ரப்பர் ஹாரனை அழுத்தி எல்லார் காதையும் கிழித்துக்கொண்டிருந்தாய். உன் அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கரி விசிறியைச் சுற்றிக்கொண்டிருந்தாள். பூசாரி மஞ்சள் தண்ணீர் தெளித்தார். கிடா அசையவில்லை. மறுபடி தெளித்தார். அது தன் பாட்டுக்கு அசை போட்டது. வெயில் ஏறியது. வண்டிக்குள் உட்கார்ந்தவர்கள் முனக ஆரம்பித்தார்கள்.

பங்காளி ஒருவர் மெதுவாக என் பக்கத்தில் வந்து, “ஏப்பா, காதுல ஒரு சொட்டுத் தண்ணி உட்டா உதறீட்டுப் போகுது. யாரு பாக்கப் போறா?” என்றார். இது நம் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த, யாரும் வெளியில் சொல்லாத வித்தை. சத்தியமாகச் சொல்கிறேன், என் கை சொம்பை நோக்கிப் போய்விட்டது. உன் அம்மா விசிறியை விடாமலே அங்கிருந்து கத்தினாள்: “ஏனுங்க, சாமிக்குத் தெரியாம சாமிகிட்ட உத்தரவு வாங்கறீங்களா? இந்தக் கரியே இன்னும் முத்தல. நான் சுத்தறேன், நீங்க பேசாம நில்லுங்க.”

பூசாரி எல்லாரையும் பார்த்து, “பங்காளிக மனசுல எங்கியோ ஒரு கொறை கெடக்குது. இருந்தாச் சொல்லீருங்க” என்றார். அது வழக்கம்தான். எல்லார் கண்ணும் வேப்பமரத்தடிக்குப் போனது. அங்கே உன் பெரியப்பா தனியாக நின்றிருந்தார். இன்றைக்கு என் மானத்தை வாங்கப் போகிறார் என்று நான் பல்லைக் கடித்தேன். அவர் வந்தார். என்னைப் பார்க்கவில்லை. நேராகச் சாமி முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

“கருப்பனாரே, அன்னிக்கி இவன் சேலம் போறதுக்குக் கேட்டப்ப, கெடா காதுல தண்ணி ஊத்துனது நாந்தானுங்க. இவன் மூஞ்சியப் பாக்க முடியல. சின்னப் பையன், அழுதுருவான்னு ஊத்தீட்டனுங்க. அன்னீலிருந்து இவன் தொட்டதெல்லாம் தடையாப் போச்சு. நான் பண்ணுன தப்புக்கு என்னையக் கேளுங்க சாமி. இவன எதுக்குப் போட்டு வதைக்கறீங்க?”

எனக்கு ஒரு நொடி ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியபோது அடிவயிற்றிலிருந்து அழுகை வந்தது. என் கல்யாணப் பந்தலுக்கு வெளியே அவர் கோபத்தில் நிற்கவில்லை. தன் கை பட்டால் எனக்கு இன்னும் ஆகாமல் போய்விடுமோ என்று பயந்து நின்றிருக்கிறார். உன்னைத் தொடாததும் அதனால்தான். நான் வீம்பு பிடித்துக்கொண்டு மீசையை முறுக்கிய அத்தனை வருஷமும் அந்த மனிதர் எனக்காகச் சாமியிடம் குற்றவாளியாக நின்றிருக்கிறார். ஓடிப்போய்த் தூக்கினேன். “அண்ணா, இதையா இத்தன வருசமா சொமந்துட்டுத் திரிஞ்ச? சொல்லித் தொலச்சிருக்கக் கூடாதா?” என்று திட்டினேன். அவர் பிள்ளை மாதிரி என் தோளில் முகத்தை வைத்து அழுதார். பூசாரி சொம்பை அவர் கையிலேயே கொடுத்தார். அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு தெளித்தார்.

உடனே கிடா துலுக்கியது என்று எழுத எனக்கும் ஆசைதான். துலுக்கவில்லை. எங்கள் அழுகையைப் பார்த்துக்கொண்டே அது அசை போட்டது. யாரோ ஒரு கிழவர் பொத்துக்கொண்டு சிரித்தார், அப்புறம் எல்லாரும் சிரித்தோம். நானும் அண்ணனும் அதற்கு எதிரே தரையில் உட்கார்ந்து பழைய கதை பேச ஆரம்பித்தோம். பேச எவ்வளவோ இருந்தது. நேரம் போவதையே மறந்தேன். நாங்கள் அதைப் பார்ப்பதை விட்டபிறகு, அதற்கே தோன்றியபோது, நிதானமாக ஒரு உதறு உதறியது. குலவைச் சத்தம் கொல்லிமலை வரைக்கும் கேட்டிருக்கும். வண்டிக்குப் பின்னால் போய்ப் பார்த்தால், உன் அம்மா முகமெல்லாம் கரியோடு நிற்கிறாள். வாயுவைக் கொளுத்திப் பார்த்தால் நீலமாக நின்று எரிகிறது; முற்றிவிட்டது என்று அர்த்தம். முந்தின நாள் தூறலில் கரி ஈரமாகியிருந்தது அப்போதுதான் தெரிந்தது. குறித்த நேரத்துக்குக் கிளம்பியிருந்தால் ஊர் எல்லையிலேயே படுத்திருப்போம்.

மேடு வந்தது. ஜனங்கள் வழக்கம்போல எழுந்து இறங்கித் தள்ளத் தயாரானார்கள். உன் பெரியப்பா வாழ்க்கையில் முதல் தடவையாக மோட்டாரில் உட்கார்ந்திருக்கிறார், இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு. “ஒருத்தரும் எறங்கப்படாது! ஏறுமுங்க! உக்காருங்க!” என்று போட்டார் ஒரு சத்தம். எல்லாரும் உட்கார்ந்துவிட்டார்கள். வண்டி முக்கியது, திணறியது, நின்றுவிடும் என்று எனக்கே தோன்றியது. நிற்கவில்லை. ஏறியது கண்ணு! ஒருத்தர் இறங்காமல், ஒரு கை தள்ளாமல், அந்த மேட்டை ஏறி அந்தப் பக்கம் இறங்கியது! பந்தயம் கட்டித் தோற்றவர்களும் கையைத் தட்டினார்கள். ராசிபுரத்தில் ஜனம் கூடி வேடிக்கை பார்த்தது. ஆட்டையாம்பட்டியில் தறியை விட்டு எழுந்து வந்து பார்த்தார்கள். வெயில் தாழும் முன்னால் சேலத்தில் அதிகாரி முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். அவர் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, “மேட்டில் எத்தனை பேர் தள்ளினார்கள்?” என்று கேட்டார். “யாரும் எறங்கவே இல்லீங்க” என்று உன் பெரியப்பா முந்திக்கொண்டு சொன்னார். அன்றைக்கு என்னைவிடப் பெரிய மனிதன் சேலம் ஜில்லாவில் யாரும் இல்லை என்று நினைத்துக்கொண்டேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

இப்போது உன் காரியத்துக்கு வருகிறேன். நம் ஊர்ப் பெண் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்பது உன் ஆசை. இரண்டு வருஷத்துக்குள் சிலருக்குக் கல்யாணம் ஆகிவிடும் என்று நீ சொன்னது மெய்தான். ஆகும். அந்தப் பிள்ளைகள் உன் பள்ளிக்கூடத்தில் உட்கார மாட்டார்கள். அதை நினைத்தால் எனக்கும் வருத்தமாகத்தான் இருக்கிறது. எல்லாம் நன்மைக்கே என்று பூசி மெழுகத் தெரியவில்லை. ஆனால் வாயு முற்றாமல் நீ கிளம்பினால் எந்தப் பிள்ளையும் மேடு ஏறாது. பயிற்சி இல்லாதவளை நம்பி எந்தத் தகப்பனும் பெண்ணை அனுப்ப மாட்டான், சர்க்காரும் அனுமதிக்காது. அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார் என்று சொல்கிறேன் என்று நினைக்காதே. பொறுமை என்றால் எனக்கு ஞாபகம் வருவது உன் அம்மா விசிறி சுற்றியதுதான். சாமி வேலையைச் சாமி பார்த்துக்கொண்டிருந்தது, அவள் வேலையை அவள் பார்த்தாள். லீவு நாளில் நம் வண்டியில் ஊருக்கு வா. பஸ் கொட்டகையில் நாலு பிள்ளைகளை உட்காரவைத்து அரிச்சுவடி சொல்லிக்கொடு. தாலி கட்டிக்கொண்டு போகிறவள் தன் பெயரையாவது எழுதத் தெரிந்துகொண்டு போகட்டும். அதற்கு யார் அனுமதியும் வேண்டாம்.

எனக்கு வந்த தடையெல்லாம் அண்ணன் செய்த தப்புக்குச் சாமி கொடுத்த தண்டனையா என்று நீ கேட்பாய். நான் நம்பவில்லை. கருப்பனார் அத்தனை சின்ன மனசுக்காரர் இல்லை. அந்த வருஷங்களில் நான் பட்டறையில் கிடந்ததால்தான் கரி அடுப்புப் பொருத்தத் தெரிந்தது. முதல் மனுவுக்கே அனுமதி கிடைத்திருந்தால் யுத்தம் வந்ததும் வண்டியை விற்றுவிட்டு ஏரைப் பிடித்திருப்பேன். இது எனக்குப் பின்னால்தான் புரிந்தது. முன்னாலேயே புரிந்திருந்தால் அதற்குப் பெயர் நம்பிக்கை இல்லையே.

இதுவரை எழுதி நிறுத்தியிருந்தேன். நடுவில் கொட்டகைக்கு வெளியே ஒரே கூச்சல். பேனாவை வைத்துவிட்டு ஓடினேன். மழை! காலையிலிருந்து புழுங்கிக்கொண்டிருந்தது, சொல்லாமல் கொள்ளாமல் கொட்டித் தீர்க்கிறது. நீ போனதிலிருந்து உன் பெரியப்பா அந்தக் கிடாவைத் தினமும் காலையில் கோயிலுக்கு ஓட்டிக்கொண்டு போய், தண்ணீர் தெளித்து, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்ப ஓட்டிக்கொண்டு வருவார். இன்று சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டு மத்தியானம்தான் போனார். கருப்பனாருக்கு நேர் முன்னால் நிற்கும்போது மழை பிடித்திருக்கிறது. கிடா தலையிலிருந்து வால் வரைக்கும் ஒரு உதறு, அது போதாமல் இன்னொரு உதறு! மழையில் நனைந்தால் எந்த ஆடும்தான் உதறும் என்று படித்த பெண் நீ சொல்வாய். சொல்லிக்கொள். மழை பெய்ததும் அந்த இடத்தில்தானே, அந்த நேரத்தில்தானே?

உன் பெரியப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவெல்லாம் ஓடி வந்தார். வயதான மனிதர், சேற்றில் வழுக்கி விழுவாரோ என்று உன் அம்மா பதறினாள். அவர் இரண்டு கையையும் தலைக்கு மேலே விரித்துக் காட்டிக்கொண்டு என்னிடம் கத்தினார்: “புள்ளைக்கு எழுது தம்பி! துலுக்கிருச்சு! இந்தத் தடவ தண்ணி ஊத்துனது நானில்ல!”

கிடாவை இப்போது வெட்டப்போவதில்லையாம். நீ படித்து முடித்து வந்து பள்ளிக்கூடம் திறக்கிற அன்றைக்குத்தான் விருந்து என்று பெரியப்பா சொல்லிவிட்டார். ஆகவே நீ இரண்டு வருஷம் முழுசாகப் படிக்க வேண்டும் என்பதில் இந்த ஊரிலேயே எல்லாரையும்விட அதிக அக்கறை உள்ளது அந்தக் கிடாதான். இங்கே நாங்கள் விசிறியைச் சுற்றிக்கொண்டிருக்கிறோம். நீ மேட்டில் இறங்கிவிடாதே, கண்ணு. உட்கார்ந்திரு. ஏறும்.

உன் அப்பா